கதவுக்குப் பின்னால் தொங்கும் கவர்

டிசம்பர் 30, ஞாயிறு

இந்த வருடத்து டைரியைப் புரட்டினால் மாவு அரைத்த நாளும் சிலிண்டர் வந்த நாளும்தான் இருக்கின்றன. கடைசி இரண்டு நாளாவது உருப்படியாக ஏதாவது எழுதுவோம்.

நாளை மறுநாளிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஊரே கவரைத் தூக்கி எறிகிறது. நான் ஒருத்தி சேர்க்கிறேன்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக் கவர் தொங்கும். அதற்குள் கவர், அந்தக் கவருக்குள் இன்னொரு கவர். எல்லார் வீட்டிலும் உண்டு. மற்ற வீட்டில் அது சோம்பேறித்தனம், என் வீட்டில் அது சேமிப்பு.

இன்று கடைக்குப் போய்த் தக்காளிக்கு ஒரு கவர், வெங்காயத்துக்கு ஒரு கவர், பச்சை மிளகாய்க்கு ஒரு கவர் என்று கேட்டு வாங்கினேன். கடைக்கார ராமர் சிரித்தார். "கொத்தமல்லிக்குமா தனிக் கவரு? வாங்கிக்கோங்க வாத்தியாரம்மா. செவ்வாக்கெழம வந்து கேட்டீகன்னா எங்கிட்ட கெடையாது."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 1, செவ்வாய்

மாப்பிள்ளையின் வங்கியில் கொடுத்த புது டைரி. வழவழவென்று இருக்கிறது. முதல் பக்கத்திலேயே பொய் எழுத வேண்டாம்.

அக்டோபரில் இவருக்கு மதுரையில் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. அது நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு சிறுநீர் இவர் சொல்பேச்சு கேட்பதில்லை. "சரியாகும், சில பேருக்கு ஆறு மாசம், சில பேருக்கு ஒரு வருஷம்" என்றார் டாக்டர். அதுவரை பெரியவர்களுக்கான டயப்பர். முப்பத்து மூன்று வருடம் சாத்தூரில் டிரில் மாஸ்டராக இருந்தவர். இவர் விசில் ஊதினால் மைதானத்தில் காக்கா கூட நேராக நிற்கும் என்பார்கள். வீட்டுக்கு வந்த அன்றே கட்டிலில் உட்கார்ந்து என்னிடம் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு கனி. இது ஒனக்கும் எனக்கும்தான். நம்ம மக பொன்செல்விக்குக் கூடத் தெரியக்கூடாது. தெருவுல ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் நான் இருக்க மாட்டேன்."

'இருக்க மாட்டேன்' என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. இவர் சொன்னால் செய்கிற ஆள்.

டயப்பரை உள்ளூர் மருந்துக் கடையில் வாங்குவதில்லை, விருதுநகருக்குப் பஸ் ஏறுகிறேன். பயன்படுத்தியதை நியூஸ் பேப்பரில் சுற்றி, கவரில் போட்டு இறுக முடிந்து, விடிகாலை நடைக்குப் போகிற சாக்கில் தண்ணீர்த் தொட்டி பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவேன். முடிச்சுப் போட்ட கவருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்த முடிச்சுதான் எங்கள் மானம்.

இனிமேல் எந்தக் கடையிலும் கவர் இல்லை. இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும்.

ஜனவரி 3, வியாழன்

பையை மறந்துவிட்டேன். முருங்கைக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு சிலம்பாட்டக்காரி மாதிரி தெருவில் வந்தேன்.

ஜனவரி 6, ஞாயிறு

கறிக்கடையில் ஒரே சிரிப்பு. ஒருவர் சம்படம் கொண்டு வந்திருக்கிறார், ஒருவர் பிரஷர் குக்கரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஏனம் கொண்டு வராதவர்களுக்குத் தாமரை இலையில் கட்டித் தருகிறார்கள். பக்கத்து வீட்டுச் சொர்ணம் மதினி எவர்சில்வர் தூக்கைப் பெருமையாக ஆட்டிக்கொண்டு வந்தார்.

"நல்லதுதான மதினி? எங்க பாத்தாலும் கவரு. போன மாசம் எங்க மாடு தின்னுட்டு என்ன பாடுபட்டுச்சு!"

நல்லதுதான். நான் மட்டும் இல்லையென்றா சொன்னேன்? சாம்பாருக்குத் தூக்கு, மாவுக்குச் சம்படம், சேவுக்கு ஓலைப்பெட்டி. எல்லாவற்றுக்கும் ஒரு ஏனம் இருக்கிறது. எங்களுடையதற்கு எதைக் கொண்டு போவது?

ஜனவரி 9, புதன்

கவரை மிச்சம் பிடிக்க என்னென்னவோ செய்து பார்த்தேன்.

வெறும் நியூஸ் பேப்பர்: தெருமுனை போவதற்குள் ஊறி, கை நனைந்துவிட்டது.

கொல்லையில் வைத்து எரித்தேன். எரியவில்லை, புகைந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொர்ணம் மதினி, "என்ன மதினி, ரப்பர் கருகுற வாட?" என்றார். பழைய செருப்பு என்றேன்.

டயப்பரே வேண்டாம், பழைய வேட்டியைக் கிழித்துத் துணியாகக் கட்டிக்கொள்ளலாம், துவைத்துக்கொள்ளலாம் என்று இவரிடம் மெதுவாகச் சொன்னேன். "மொட்டமாடிக் கொடியில தொங்கவிடுவியாக்கும்? பேரப்பிள்ள பொறந்திருக்குன்னு ஊருக்கே சக்கர குடுப்பியா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு அழுகை வந்தது, அதையும்தான்.

வீட்டு வாசலுக்கே வருகிற குப்பை வண்டியில் கொடுக்கலாம். ஆனால் வண்டியோடு வருகிற பேச்சி எல்லாவற்றையும் பிரித்துக் காட்டச் சொல்கிறாள். மக்கும் குப்பை பச்சை டப்பா, மக்காத குப்பை நீல டப்பா. காலையில் தெருமுனையில் அவள் விசில் ஊதும்போதெல்லாம் இவர் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறார். இவர் காலமெல்லாம் ஊதிய அதே மாதிரி விசில்.

இவருக்குக் கொடுத்த டீயில் பாதி அப்படியே இருந்தது. சர்க்கரை கூடிவிட்டதோ என்னவோ.

ஜனவரி 14, திங்கள். போகி

எழுதவே கை வரவில்லை.

பொன்செல்வி நேற்று ஓசூரிலிருந்து வந்தாள், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. மகளிடம் மறைப்பது பெரிய பாடு. இவர் முழு நேரமும் கட்டிலில் போர்வையோடு, "மூட்டு வலி" என்று. நானும் மூட்டு வலி, மூட்டு வலி என்று பின்பாட்டு.

காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் வீட்டை ஒதுங்க வைத்துவிட்டாள். பழைய பாய், உடைந்த முறம், காலாவதியான மாத்திரை எல்லாம் வாசலில். கெட்டிக்காரி. அடுப்படிக்குள் போனேன். கதவுக்குப் பின்னால் ஆணி மட்டும் இருந்தது.

"இங்க தொங்குன கவரு எங்கட்டி?"

"பிளாஸ்டிக் சேகரிக்க ஆளு வந்தாங்கம்மா. மொத்தமாக் குடுத்துட்டேன். எவ்வளவு சேத்து வச்சிருக்க நீ! அந்தக்கா கூடச் சிரிச்சாங்க."

வாசலுக்கு ஓடினேன். வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. பின்னாலேயே போய்க் கேட்கலாம்தான். என்னவென்று கேட்பது? தடை செய்ததைத் திருப்பிக் கொடு என்றா?

"ஏம்மா ஒரு மாதிரி ஆயிட்ட? ஒனக்கு நான் என்ன கொண்டாந்திருக்கேன் பாரு" என்று பெட்டியைத் திறந்தாள். துணிப்பைகள். மயில் போட்டது, யானை போட்டது, கண்ணாடி பதித்தது. அழகாகத்தான் இருந்தன. கண்ணில் தண்ணீர் நின்றது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

உள் அறையிலிருந்து இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல் பொங்கியது. கிழக்குப் பக்கமாகத்தான் வழிந்தது. நல்லது நடக்கும் என்பார்கள்.

ஜனவரி 18, வெள்ளி

பொன்செல்வி நேற்று ஊருக்குப் போய்விட்டாள். பஸ் ஏறும்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓசூரில் கிடைக்காததா, ஏதாவது வாங்கி அனுப்பிவிடுவாள். ஆனால் அப்புறம் அவள் தகப்பன் முகத்தில் விழிக்க வேண்டுமே.

பரணில் ஏறினேன். அவள் கல்யாணத்தில் மிஞ்சிய தாம்பூலப் பைகள் ஒரு கட்டு இருந்தன. மஞ்சள் துணி, உள்ளே மெழுகு பூசின மாதிரி ஒரு பளபளப்பு. தேங்காய் ஈரம் வெளியே வராமல் இருக்க நாங்களே சொல்லி அடித்தது. வெளியே சிவப்பு எழுத்தில் 'தவசிலிங்கம் – சண்முகக்கனி இல்லத் திருமண விழா'. கீழே மணமக்கள் பெயர், அதற்கும் கீழே 'வாழ்க வளமுடன்'.

இவரிடம் கேட்கவில்லை. பேப்பரில் இரண்டு சுற்று சுற்றி, பையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, எழுத்து தெரியாமல் உள்ளே போட்டு, வாயை நூலால் தைத்துவிட்டேன். மகள் கல்யாணப் பையில் இதைப் போடுகிறோமே என்று ஒரு நிமிடம் கை நின்றது. நின்று என்ன செய்ய?

ஜனவரி 22, செவ்வாய்

தாம்பூலப் பை தாங்குகிறது. இந்த யோசனை முதலிலேயே வந்திருக்கலாம். இவரிடமும் சொல்லிவிட்டேன். "எப்புடியோ போ" என்றார். அது இவர் அகராதியில் சம்மதம்.

பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். குடியரசு தினத்துக்குப் பழைய மாஸ்டர்தான் கொடியேற்ற வேண்டுமாம். முட்டி வலி, நிற்க முடியாது என்று அனுப்பிவிட்டார். அவர்கள் போன பிறகு பீரோவைத் திறந்து வெள்ளை பேண்ட்டை எடுத்துப் பார்த்தார். திரும்ப மடித்து வைத்தார்.

ஜனவரி 29, செவ்வாய்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் மட்டும் நடக்காமல் போய்விடுமா?

காலை ஏழு மணி இருக்கும். இவர் வராண்டாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில். கேட்டைத் திறக்கிற சத்தத்தோடு சொர்ணம் மதினியின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, இந்தாங்க. ஒங்க வீட்டுச் சாமான். முக்குல நாயி இழுத்துட்டுக் கெடந்துச்சு. உள்பக்கம் திருப்பியிருந்தாலும் செவப்பு எழுத்து தெரிஞ்சிருச்சு. நம்ம பொன்செல்வி கல்யாணப் பையாச்சேன்னு, நாயைத் தொரத்திட்டு எடுத்தாந்தேன். வராண்டாவுல வச்சிருந்தத இழுத்துட்டுப் போயிருச்சா?"

கரண்டியோடு ஓடினேன். அதற்குள் பை இவர் மடியில் இருந்தது. நாய் கடித்த இடத்தில் தையல் விட்டு, பேப்பர் பிதுங்கி, வெள்ளையாக அதுவும் வெளியே தெரிந்தது. சொர்ணம் மதினியின் கண் அங்கே போனது. பிறகு என் மேல் வந்தது. பிறகு எதையுமே பார்க்காத மாதிரி தரையைப் பார்த்தது.

"நான்... அடுப்புல பாலு இருக்கு" என்று போய்விட்டார்.

இவர் பையைத் தூக்கிக்கொண்டு தானே உள்ளே போனார். குளியலறைக் கதவைச் சாத்தினார். தண்ணீர் திறந்த சத்தம் வெகு நேரம் கேட்டது. அழுகிறாரோ என்று கதவோரம் நின்றேன். எதுவும் தெரியவில்லை.

எல்லாம் என்னால்தான். துணி மேல் அச்சடித்தது மறுபக்கம் தெரியும் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜனவரி 31, வியாழன்

விடிந்து வாசல் தெளிக்கப் போனால் கேட்டில் ஒரு மூட்டை தொங்குகிறது. உள்ளே மடித்து மடித்துக் கவர்கள். சொர்ணம் மதினிதான். தன் வீட்டில் இருந்ததோடு இன்னும் எங்கெங்கோ வாங்கியும் வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை, பெல் அடிக்கவில்லை. அந்த மனுஷியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

நான் அதை எடுத்து உள்ளே வரும்போது இவர் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"எத்தன வீட்டுல சொல்லி வாங்குனாளாம்?"

"அவுக யார்ட்டயும் சொல்லிருக்க மாட்டாகங்க."

"அம்புட்டுக் கவரும் ஒரே வீட்டுலயா இருந்துச்சு?"

மூட்டையைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். கொடுத்துவிட்டு வந்தேன். சொர்ணம் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 2, சனி

இவருக்குச் சொம்பில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

பிப்ரவரி 5, செவ்வாய்

தாம்பூலப் பையை இவர் இனித் தொடவிடமாட்டார். ஆனால் பால் பாக்கெட்டுக்குத் தடை இல்லை. எனக்கு இப்போதுதான் உறைத்தது. அரை லிட்டர் கவர் இரண்டைக் கத்தரித்து, தோசைக் கரண்டியைச் சுட வைத்து ஓரத்தை ஒட்டினால் ஒரு பை. சில நேரம் ஒழுகும், பரவாயில்லை. கவருக்காகப் பால் கூட வாங்குகிறேன். வீடு முழுக்கத் தயிர். மோர்க்குழம்பு, மோர் மிளகாய், நீர்மோர்.

மோரைக் கொடுத்தால் "சளி பிடிக்கும்" என்கிறார். வெயில் காலத்தில் செம்பு செம்பாகக் குடிக்கிற மனிதர். டீயும் வேண்டாமாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு டயப்பரே போதுமாக இருக்கிறது. டாக்டர் சொன்ன மாதிரி சரியாகிக்கொண்டு வருகிறதோ? பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 9, சனி

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். நேற்றுக் காலையில் பேப்பரை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். சொர்ணம் மதினியும் அவர் மகனும்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏம்மா, இவர் தண்ணியே குடிக்கிறதில்லையா? உடம்பு காஞ்சு கெடக்கு. யூரின்ல இன்ஃபெக்‌ஷன் வேற. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்."

சரியாகிக்கொண்டு வருகிறது என்று தேங்காய் நேர்ந்தேனே, அந்தத் தேங்காயை என் தலையில்தான் உடைக்க வேண்டும். கவர் தீர்ந்துபோகக் கூடாது என்று இந்த மனிதர் வாயைக் கட்டியிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தயிரை ஊற்றி ஊற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நர்ஸ் வந்தாள். மாற்றினாள், சுருட்டினாள், காலால் மிதித்துத் திறக்கிற டப்பாவில் மாட்டியிருந்த மஞ்சள் கவரில் போட்டாள், அடுத்த கட்டிலுக்குப் போனாள். இவ்வளவுதானா என்று இருந்தது.

"சிஸ்டர், அந்த மஞ்சக் கவரு ஒண்ணு ரெண்டு கெடைக்குமா?"

"அதெல்லாம் வெளிய குடுக்கக்கூடாதும்மா. ரூல்ஸு."

வெயிலில் மயங்கிவிட்டார் என்று மட்டும் சொன்னேன், பொன்செல்வி போனில் அழுதாள். மாசி கூடப் பிறக்கவில்லை, அதற்குள் என்ன வெயில் அங்கே என்றாள். ஆமாம், இந்த வருடம் வெயில் ஜாஸ்தி என்றேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 13, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள். மூன்று லிட்டர்!

டம்ளரைக் கையில் வாங்கினார். வாய்க்குக் கொண்டு போகவில்லை. கண் அடுப்படிப் பக்கம் போனது. கதவு திறந்திருந்தது, பின்னால் ஆணி வெறுமையாக இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

சண்டை போட்டேன், கெஞ்சினேன், என் தாலியைத் தூக்கிக் காட்டினேன். "தாகமில்ல கனி" என்கிறார். உதடு வெடித்து ரத்தம் தெரிகிறது.

பிப்ரவரி 14, வியாழன்

பெரிய ஜவுளிக்கடைக் கவர் ஒன்று பீரோவுக்குள் பட்டுச்சேலையைச் சுற்றி இருந்தது. சேலையை எடுத்துவிட்டேன். கவருக்குள் பழைய நியூஸ் பேப்பரைக் கசக்கிக் கசக்கித் திணித்தேன். வாய்ப்பக்கம் மட்டும் நாலைந்து பால் கவரைத் துருத்திக்கொண்டு நிற்கிற மாதிரி வைத்துக் கட்டி, ஆணியில் மாட்டினேன். பழைய மாதிரியே பொதபொதவென்று தொங்கியது.

தண்ணீரைக் கொண்டு போனேன். கதவுப் பக்கம் பார்த்தார்.

"எங்க கெடச்சுச்சு?"

"விருதுநகர் கடைக்காரரு கொடோன்ல பழசு கெடக்குன்னு குடுத்தாரு. ரெண்டு வருசத்துக்குக் காணும். குடிங்க."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு குடித்தார். பாதி டம்ளர்.

பிப்ரவரி 17, ஞாயிறு

நேற்று முழு டம்ளர். இன்று காலையில் டீ கூடக் கேட்டு வாங்கினார். மோரும் குடித்தார். அதற்கு ஏற்ற மாதிரி மாற்றவும் வேண்டியிருக்கிறது. பால் கவரை ஒட்டி ஒட்டி விரலெல்லாம் கொப்புளம். மூன்று லிட்டருக்குப் பால் கவர் எங்கே போதும்? நாளைக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நாளைக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 20, புதன்

நேற்றிலிருந்து பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைக் காணோம். பேப்பர் போடுகிற பையனைத் திட்டினேன். அவன் முழிக்கிறான்.

மத்தியானம் இவர் தூங்கும்போது அடுப்படியைக் கூட்டினேன். கதவுக்குப் பின்னால் தொங்குகிற கவர் நான் கட்டியதை விடக் கொஞ்சம் பெருத்த மாதிரி இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். என் பேப்பருக்கெல்லாம் மேலே விளையாட்டுப் பக்கம், நேற்றையதும் இன்றையதும். கசக்கவில்லை. இவர் மடிக்கிற மாதிரி ஓரத்தோடு ஓரம் சேர்த்து நாலாக மடித்திருந்தது.

மறுபடியும் இருந்தபடியே கட்டி மாட்டினேன்.

எழுந்ததும் தண்ணீர் கொண்டு போனேன். டம்ளரை வாங்கி, எப்போதும் போல அடுப்படிக் கதவைப் பார்த்தார்.

"நெறைய இருக்குல்ல?"

"இருக்குங்க. நெறைய இருக்கு."

அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரை என்னிடம் நீட்டினார்.